ரதி சாகிற அத்தியாயம்

அம்மிக் குழவியால் இரண்டு போடு போட்டதும் தகரப் பெட்டியின் பூட்டு கழன்று விழுந்தது. முன்னறையில் அண்ணன் தங்கையாவைப் பெஞ்சில் கிடத்தி நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பின்னறையில் தம்பி பொன்னுத்துரை அண்ணனின் பெட்டியை உடைத்துவிட்டான். ஒப்பாரிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் நிறுத்தியிருக்கப் போவதில்லை.

வேட்டிக்கும் கம்பளிக்கும் அடியில் அது இருந்தது. கோடு போட்ட தாளில் இருபத்திரண்டு பக்கம், மூலையில் நூல் போட்டுக் கட்டியது. மேலே அண்ணனின் குண்டு எழுத்தில் 'முடிவு அத்தியாயம்' என்று போட்டிருந்தது. ஊட்டியிலிருந்து மக்பூல் பாய் சாவுக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று காலையிலேயே ஆள் வந்து சொல்லியாகிவிட்டது. அச்சகக்காரர் அவர். மாலை போடுகிற கையோடு இந்தத் தாளையும் கேட்பார். அதற்குள் இதை இல்லாமல் ஆக்கிவிட வேண்டும்.

கட்டை அவிழ்த்து நின்றபடியே முதல் மூன்று பக்கத்தைப் படித்தான். படிக்கப் படிக்க நெற்றி நரம்பு தெறித்தது.

தங்கையாவுக்குப் பகலில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, வேலை முடிந்தால் பேனா. கிளென்மார்கனுக்குக் கீழே, தோட்டத்து வரிசை வீடான இந்த லயத்துக்கு வந்து சேர்ந்த ஐந்து வருடத்தில் ஆறு புத்தகம் எழுதிவிட்டான். எல்லாம் ஒரே தொடர். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதனை எரித்த கதையும், ரதி அழுது புரண்டதில் அவனுக்கு உயிரை மட்டும் திருப்பிக் கொடுத்த கதையும் எல்லோருக்கும் தெரியும். உயிர் உண்டு, உடம்பு இல்லை. ரதி கண்ணுக்கு மட்டும் தெரிவான். தங்கையா அந்த மதனைத் தலைமன்னாரில் கப்பலேற்றி, மண்டபம் முகாமில் இறக்கி, ஊட்டி மார்க்கெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டான். அங்கே சித்திரகுப்தன் மறுவாழ்வு ஆபீசில் குமாஸ்தா. எமன் உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறான். வீரபத்திரன் போலீஸ்காரன். மதன் அவர்களுக்கு நடுவே போகிறான், வருகிறான், கத்திக் கூப்பிடுகிறான், ஒருத்தன் திரும்பிப் பார்ப்பதில்லை. அவனைப் பார்க்கக்கூடிய ஒருத்தி கடலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், அடுத்தது எப்போது வரும் என்று மக்பூல் பாயின் கடைப் படியில் ஏறிக் கேட்டார்கள்.

இரண்டு மதன் புத்தகத்துக்கு நடுவே ஒரு ரதி புத்தகம் வரும். 'துணைக் குறுநாவல்' என்று அட்டையில் சின்னதாக இருக்கும். நாற்பத்தெட்டே பக்கம். அது பொன்னுத்துரையின் பாடு. அவனைத் தவிர வேறு யாரும் அதை எழுதியிருக்கவும் முடியாது. சிலோனில் ஏழு மாசி மாதம் காமன் கூத்தில் அண்ணன் மதன் வேஷம், தம்பி ரதி வேஷம். மாமன் மகள் சின்னம்மையின் சேலையைக் கட்டிக்கொண்டுதான் ரதி ஆடுவாள். சேலை இரவல் கேட்கப் போய், பிறகு சேலைக்காக இல்லாமலும் போய், கடைசியில் பரிசம் போடுகிற வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்துக் குடியுரிமைப் பேப்பர் வந்தது. இவர்கள் இந்தியா. மாமன் குடும்பம் சிலோன். நடுவில் கோடு கிழித்தவன் எவனும் இவர்களைக் கேட்கவில்லை.

ஆகவே ரதி புத்தகங்களில் ரதி தலைமன்னார் பாலத்தடியில் உட்கார்ந்துகொண்டு கப்பல் டிக்கெட் பார்க்கிற வருணனோடு சண்டை போட்டாள். சண்டையில் அவள் பேசுகிற பேச்செல்லாம் சின்னம்மையின் பேச்சு. ஒவ்வொரு புத்தகம் அச்சானதும் ஒரு பிரதி கடல் தாண்டிப் போகும். ஊட்டிக்காரர்கள் அதைப் புராணக் கதை என்று படித்தார்கள். அது ஒருத்திக்கு எழுதின கடிதம். அவள் படித்துவிட்டு, 'ரதிக்கு இவ்வளவு கோபம் ஆகாது' என்று பதில் போடுவாள்.

இந்த நிலைமையில்தான் போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனவனிடம் மக்பூல் பாய் சந்தோஷமாகச் சொன்னார், கடைசிப் புத்தகத்தில் ரதியை அண்ணன் கொன்றுவிடுகிறாராம், படிக்கிறவன் எல்லாம் அழப் போகிறான் என்று. பொன்னுத்துரை வீடு வந்து சேர்கிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். அண்ணன் காய்ச்சலில் கம்பளிக்குள் கிடந்தான். காய்ச்சல்காரன் என்றும் பார்க்காமல் கத்தினான். ரதி என்னுடையவள், நீ யார் அவளைக் கொல்ல என்று கேட்டான். தங்கையா இருமி முடித்துவிட்டு, "அது அப்புடித்தான் தம்பி முடியும்" என்றான். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டுக்குள் ஐந்து நாள் அண்ணன் இருமுவதைக் கேட்டுக்கொண்டு தம்பி வாயை மூடிக்கொண்டு இருந்தான். தோட்டத்து டிஸ்பென்சரி வெள்ளை மாத்திரையாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, விடியும்போது இருமல் நின்றுபோயிற்று.

செத்துப்போனவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். பொன்னுத்துரைக்கு அந்த மரியாதையெல்லாம் வரவில்லை. இந்தத் தாள் அச்சாகி, ஒரு பிரதி கடல் தாண்டிப் போய், சின்னம்மை பிரித்துப் படித்தால் என்ன நினைப்பாள்? அவன் நம்மைக் கைகழுவிவிட்டான், நேராகச் சொல்ல வெட்கப்பட்டுக் கதையில் சொல்லி அனுப்பியிருக்கிறான் என்றுதான் நினைப்பாள். அத்தோடு அவளும் வேறு வழி பார்த்துக்கொள்வாள். கப்பலேறிய நாளிலிருந்து ஆறு வருடம் காத்த காவலை அண்ணன் இருபத்திரண்டு பக்கத்தில் முடித்துவைக்கப் பார்த்தான்.

தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பின்வாசலுக்குப் போனான். அங்கே மூன்று கல்லுக் கூட்டி அண்டாவில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. அது ஒரு தனிக் கூத்து. பிணம் குளிப்பாட்ட எவளாவது வெந்நீர் போடுவாளா? ஓடையிலிருந்து குடத்தில் எடுத்துவந்த தண்ணீரை அப்படியே ஊற்றுவதுதான் வழக்கம். அண்ணி தெய்வம்மா ஒரே பிடியாக நின்றாள். "பச்சத்தண்ணி அவரு மேல படக்கூடாது. வெந்நிதான்." பெரியவர்கள் சொல்லிப் பார்த்துவிட்டு, புத்தி பேதலித்துவிட்டது, விடுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

பொன்னுத்துரை அடுப்பின் முன் குந்தினான். படித்த மூன்று பக்கத்தையும் முதலில் உள்ளே விட்டான். தாள் சுருண்டு, எழுத்து ஒரு நிமிஷம் பளிச்சென்று தெரிந்து, கருகிப் போயிற்று. மீதிக்குக் கை வைத்தபோது பின்னாலிருந்து மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

தெய்வம்மா. காலையிலிருந்து அழுததில் முகம் வீங்கியிருந்தது. பிடி மட்டும் கவ்வாத்துக்காரன் பிடி.

"அதக் குடு தம்பி."

"கைய விடுங்க மதினி."

"அவரு எழுதுன கடேசி எழுத்து. குடு."

"எழுத்தா இது? கொல! நானு பெத்து வளத்தவள என்னயக் கேக்காம கொன்னு வச்சிருக்காரு. அதுவும் எப்புடின்னு பாத்தீங்களா? லயத்துல தூங்கிக்கிட்டு இருந்தவ மேல மண்ணு சரியுதாம். சிவன் எரிக்கல, எமன் கயிறு போடல, மண்ணு சரியுதாம்! தேவலோகத்துப் பொம்பளைக்கு லயத்து மண்ணுலயா சாவு? காய்ச்சல்ல பெனாத்துனத எல்லாம் எழுதி வச்சிட்டு..."

"காய்ச்சலுக்கு முன்ன எழுதுனது."

"எப்ப எழுதுனா என்னா? சின்னம்ம இதப் படிச்சா உசுரோட இருப்பாளா?"

தெய்வம்மா மணிக்கட்டை விட்டாள். அடுப்பிலிருந்து ஒரு கட்டையை வெளியே இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொதிக்கிற சத்தம் அடங்கியது.

"அவ படிக்க மாட்டா" என்றாள்.

"ஏன் படிக்க மாட்டா? எல்லாப் பொஸ்தகமும் படிச்சிட்டுத்தான் காயிதம் போடுறா."

"கடேசியா எப்பப் போட்டா?"

பொன்னுத்துரை யோசித்தான். ஐப்பசியில் வந்தது. அதற்குப் பிறகு இல்லை. தபால் சுணங்குகிறது என்று நினைத்திருந்தான். தபால் எப்போதும் சுணங்கும்.

"கார்த்திக மழையில லயத்து மேல மல சரிஞ்சிருச்சாம்" என்றாள் தெய்வம்மா. அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "வரிசையில நாலு காம்பரா வீடு போயிருச்சி. நாலாவது காம்பரா மாமாவோடது. மாமா தேயில நாத்துத் தவறணைக்கு ராக்காவலுக்குப் போனதால தப்பிச்சாரு. பொங்கலுக்கு மறுநா அவரு காயிதம் வந்திச்சி. தம்பிகிட்டப் பக்குவமாச் சொல்லுங்கன்னு எழுதியிருந்தாரு."

பொன்னுத்துரை எழுந்து நின்றான். பிறகு உட்கார்ந்தான். ஏன் எழுந்தோம் என்று தெரியவில்லை.

"பொய்யி" என்றான்.

"காயிதம் எம் முந்தானையில இருக்கு. எடுத்துக் காட்டவா?"

தெய்வம்மாவுக்கு அப்போதுதான் குரல் ஏறியது. இத்தனை நேரம் புருஷனுக்காக அழுதவள் இப்போது கொழுந்தனை ஏசினாள், கிட்டத்தட்ட அடிக்கிற மாதிரி.

"சாவுச் சேதி கேட்டா அன்னைக்கே ஊட்டுல ஒருத்தரு முழுகணும்னு நம்ம கூத்து அய்யாவு மாஸ்டர் சொன்னாரு. கேக்காதவனுக்குத் தீட்டு இல்ல, தம்பிக்குப் பொறுத்துச் சொல்லிக்கலாம், நானு முழுகிட்டு வாறேன்னு ஒங்கண்ணன் கெளம்புனாரு. வெந்நி வச்சித் தாரேன்னு கையப் புடிச்சேன். ஊட்டுல தலைக்கி ஊத்துனா நீ என்னா ஏதுன்னு கேப்பியாம். ஒனக்குத் தெரியக்கூடாதுன்னு விடியு முன்ன ஓடைக்குப் போனாரு. புல்லு மேல உப்புக் கொட்டுனாப்புல பனி. மூணு முழுக்குப் போட்டுட்டு வந்தவருக்கு ஒதடு நீலமா இருந்திச்சி. அன்னைக்குப் புடிச்ச இருமலுதான். இப்ப விட்டிருக்கு."

அண்டாவிலிருந்து ஆவி அவள் முகத்தில் அடித்தது. அவள் விலகவில்லை.

"எட்டாம் நாளு சொல்லிருவேன்னாரு. பதினாறு ஆகட்டும்னாரு. ஒம் மூஞ்சியப் பாத்தா வாயி வரலன்னாரு. அப்பறம்தான் எழுத ஒக்காந்தாரு. நானு வாயால சொல்ல மாட்டேன் தெய்வம், படிச்சா அவனே புரிஞ்சிக்குவான்னாரு. நீ என்னா செஞ்ச? அஞ்சு நாளு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கெடந்த. ஒரு தடவ தண்ணி கேட்டாரு. நீதான் பக்கத்துல இருந்த. எந்திரிச்சி வெளிய போன. நெனப்பிருக்கா?"

நினைப்பிருந்தது. புதன்கிழமை.

கையிலிருந்த தாளை மறுபடி சட்டைக்குள் வைத்துக்கொண்டு பொன்னுத்துரை வீட்டுக்குள் போனான். முன்னறையில் பெண்கள் வட்டம் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். கூத்துச் சொல்லிக் கொடுத்த அய்யாவு மாஸ்டர் தலைமாட்டில் நின்றிருந்தார். சிலோனில் இவர்கள் இருவருக்கும் முகத்தில் அரிதாரம் பூசிவிட்டவர். காலையிலிருந்து இரண்டு தடவை அவனிடம் வந்து, ரதி அழாமல் மதனை எடுக்கக் கூடாதுடா, ஒரு பாட்டாவது பாடு என்று கேட்டிருந்தார். இரண்டு தடவையும் அவன் முடியாது என்றுவிட்டான்.

பெண்களை விலக்கிக்கொண்டு போய்ப் பெஞ்சின் கால்மாட்டில் நின்றான். அண்ணனுக்கு நாடிக்கட்டுக் கட்டியிருந்தார்கள். வாயைத் திறக்கவே முடியாதபடி இறுக்கமாக. அதைப் பார்த்ததும் பொன்னுத்துரைக்கு எங்கிருந்தோ வந்தது.

"ஏன்டா!"

பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். அண்ணனை அவன் 'டா' போட்டதில்லை.

"ஏன்டா, ஒனக்கு வாயி இல்ல? ஊருக்கெல்லாம் கத சொன்னியே, எனக்கு ஒத்த வார்த்த சொல்ல வாயி இல்ல? ஒன்னய யாருடா முழுகச் சொன்னா? அவளுக்கு முழுக நானு இல்ல? எனக்கு முழுகத் தெரியாதா? எம் பொம்பள செத்ததுக்கு நீ ஏன்டா குளுருல போன? எந்திரி. எந்திரிச்சிப் பதில் சொல்லு. கல்லு மாதிரிக் கெடக்காத, எந்திரிடா!"

பெஞ்சைப் பிடித்து உலுக்கினான். அண்ணனின் தலை ஒரு பக்கம் சரிந்தது. யாரோ பாய்ந்து தூக்கி நிமிர்த்தினார்கள். அவனைப் பிடிக்க இரண்டு பேர் எழுந்தபோது அய்யாவு மாஸ்டர் கையைக் காட்டித் தடுத்தார்.

"விடுங்க. ரதி வந்துட்டா. அழட்டும்."

"நானு அழல!" என்று கத்தினான் பொன்னுத்துரை. "ஏசுறேன்! இவன ஏசுறேன்!"

கேட்க ஆள் இல்லை. வாசலில் தப்புக்காரன் அடியை மாற்றினான். சாவுக்கு அடிக்கிற அடி போய், காமன் எரிந்த பிறகு ரதிக்கு அடிக்கிற அடி வந்தது. அந்த அடி கேட்டதும் பெண்கள் எழுந்து ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு மாரில் அடித்தார்கள். ஏன்டா என்று அவன் கேட்க, ஏன்டா என்று அவர்களும் எடுத்தார்கள். எந்திரிடா என்றால் எந்திரிடா. அவன் வைத வசவெல்லாம் அடுத்த நொடியே பாட்டாகிக்கொண்டிருந்தது. நிறுத்துங்கடி என்று அவன் போட்ட சத்தத்தையும் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். மனம்விட்டு ஒரு மனுஷனை ஏசக்கூட இந்த லயத்தில் வழியில்லை. தொண்டை கம்மும் வரைக்கும் ஏசிவிட்டு வெளியே வந்தான்.

வெளியே மக்பூல் பாய் மாலையோடு நின்றிருந்தார். ஜீப்பில் வந்த குளிரில் காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருந்தார். பொன்னுத்துரையின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சங்கடத்தோடுதான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க தம்பி, இந்த நேரத்துல கேக்கறனேன்னு நெனைக்காதீங்க. அண்ணன் கடைசியா எழுதி வச்சது ஏதாச்சும்..."

பொன்னுத்துரை சட்டைக்குள் கையை விட்டான். தாள் வியர்வையில் நனைந்திருந்தது. ஒரு முறை அதைப் பார்த்தான். இப்போதும் கிழித்துப் போட்டுவிடலாம். போட்டால் ஊட்டியில் ரதி உயிரோடு இருப்பாள். எந்தப் புத்தகத்திலும் சாகாமல் பாலத்தடியில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே இருப்பாள். யாருக்கு?

நீட்டினான்.

"இதுல முன்னால மூணு பக்கம் இல்லீங்க பாய்."

"எங்கீங்க போச்சு?"

"எரிச்சிட்டேன்."

மக்பூல் பாய் அவன் முகத்தைப் பார்த்தார். "எந்த எடமுங்க அது?"

"அவ மேல மண்ணு சரியுற எடம்" என்றான் பொன்னுத்துரை. "அத நானு எழுதித் தாறேன். ஒரு வாரம் குடுங்க."

"சரீங்க தம்பி. மெதுவா எழுதுங்க." அவர் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். படியேறப் போனவர் ஏதோ நினைவு வந்து நின்றார். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் கேட்டார். "எப்பவும் சிலோனுக்கு அனுப்பற அந்த ஒரு பிரதிய, இந்தத் தடவையும் தனியா எடுத்துக் கட்டி வைக்கச் சொல்லட்டுங்களா?"

பொன்னுத்துரை வாயைத் திறந்தான். உள்ளே பெண்கள் இன்னும் ஏன்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வேணாங்க" என்றான்.

வெந்நீரில்தான் குளிப்பாட்டினார்கள். தெய்வம்மா ஒவ்வொரு சொம்பையும் புறங்கையில் ஊற்றிச் சூடு பார்த்துவிட்டுக் கொடுத்தாள். இரண்டு மணிக்கு எடுத்தார்கள். தேயிலைக்குள் வெட்டிய குழியில் இறக்கி, எல்லோரும் மூன்று கை மண் போட்டார்கள். பொன்னுத்துரை முதல் பிடி மண்ணை அள்ளியவன் போடாமல் நின்றான். கைக்குள் அதை நசுக்கிப் பார்த்தான். ஈர மண், கனமான மண். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் போட்டான்.

ஓடையில் தண்ணீர் எலும்பைத் தொட்டது. மாசி வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆண்கள் அவசரமாக ஒரு முழுக்குப் போட்டு, நடுங்கிக்கொண்டே வேட்டியைப் பிழிந்து, ஒருவர் பின் ஒருவராக மேட்டில் ஏறினார்கள். பொன்னுத்துரையும் முழுகி எழுந்தான். கரைக்கு வந்து, துண்டைப் பிழிந்து, தலை துவட்டி, உடம்பு துடைத்தான். நன்றாகவே துடைத்தான். துண்டை ஒரு செடிமேல் விரித்துப் போட்டான்.

பிறகு மறுபடியும் தண்ணீரை நோக்கி நடந்தான்.

"டேய்" என்றார் அய்யாவு மாஸ்டர். அவருக்குப் பல் கிட்டித்தது. "ஒரு முழுக்குல ரெண்டு தீட்டும் போயிரும்டா. அப்புடித்தான் வழக்கம். ஏறி வா, செத்துப் போயிருவ."

பொன்னுத்துரை திரும்பவில்லை.

"அது அண்ணனுக்கு" என்றான்.

மேலே ஏறிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். மாஸ்டர் அவர்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, ஈர வேட்டியோடு கல்லில் உட்கார்ந்தார். பொன்னுத்துரை இடுப்பளவு ஆழத்துக்குப் போய் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டான்.